பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்ட பின் நான் செய்த மேன்முறையீடு

இலங்கையின் அரச நிறுவனமொன்றின் பதவிக்குப் போட்டிப் பரீட்சையிலும் நேர்முகப் பரீட்சையிலும் தெரிவாகியிருந்த எனக்கு, பின்னணியை விசாரித்து வழங்கப்படும் பாதுகாப்பு அனுமதி கிடைக்காமையால் நியமனம் வழங்க இயலாது என்று கடிதம் வந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை. காரணம் தெரியாமல் எழுதும் மேன்முறையீடு வெறும் மன்றாட்டமாகவே முடியும் என்பதால், முதலில் அதை எழுத்தில் பெற முடிவு செய்தேன்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், என்னைப் பற்றிய விசாரணை அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பதிவுத் தபாலில் விண்ணப்பித்தேன். தேசிய பாதுகாப்பைக் காட்டித் தகவல் அலுவலர் மறுத்தார். ஆனால், மறைக்க வேண்டிய பகுதியை நீக்கி எஞ்சியதைத் தரவும் அதே சட்டம் இடமளிக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, உரிய 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையிட்டேன். பல வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்ட ஒரு பக்கம் வந்து சேர்ந்தது. மறைக்கப்படாத வரியில், குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை என்றிருந்தது.

நான் கொடுத்திருந்தது 7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட எங்கள் தனிவீட்டின் முகவரி. வாக்காளர் இடாப்பிலோ, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் நாங்கள் முன்பிருந்த காம்பிராவின் இலக்கமே இருந்தது. தபால்கூடத் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து பிரிந்து செல்லும் எங்கள் டிவிசனில், விசாரிக்க வந்தவர் லயத்தில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். லயத்திலிருந்து தனிவீட்டுக்கு மாறிய எந்த மலையகப் பிள்ளைக்கும் இது நேரலாம் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

ஆகவே நியமன மறுப்புக்கு எதிரான மேன்முறையீட்டில் என் நன்னடத்தையைப் பற்றி எதுவும் எழுதாமல், அந்த ஒரு வரிக்கு மட்டுமே பதிலளித்தேன். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும், இரு முகவரிகளும் எங்கள் குடும்பத்துக்கே உரியவை என்று தோட்ட முகாமையாளர் தந்த கடிதத்தையும் இணைத்தேன்.

காலக்கெடுவையும் கவனிக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே உண்டு. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அம்மாதக் கணக்கில் சேராது. நியமன மறுப்புக் கடிதம் கிடைத்தவுடனேயே ஆணைக்குழுவின் கண்டிப் பிராந்திய அலுவலகத்தில் நான் முறையிட்டது இதற்காகத்தான்.

மீள்விசாரணைக்கு வந்த அலுவலர் படியேறி வீட்டுக்கே வந்து, மின்சாரப் பட்டியலில் அப்பாவின் பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டார். அனுமதியும் நியமனமும் கிடைத்தன. ஆயினும் என்னோடு தெரிவானவர்களுக்குப் பிந்திய திகதியே எனக்கு இடப்பட்டிருப்பதால், சேவை மூப்பைக் கோரும் கடிதத்தை இப்போது தயாரித்து வருகிறேன்.