நோனாவின் கப்பல்

கனடாவுக்குக் கப்பலில் வந்திறங்கிய ஒருவருடைய பழைய குடிவரவுப் பதிவை எடுப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு படிவம், ஐந்து டொலர், ஒரு கையெழுத்து. எனக்கு அதற்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் மூன்று மாதம் முழுக்க என்னுடைய பிழை. இனி யாராவது இதைச் செய்யப் போனால் அந்த மூன்று மாதமாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா இத்தாலிக்காரர், கலாப்ரியாவில் ஒரு மலைக் கிராமம். வயது எழுபத்தாறு. என் பிள்ளைகள் சின்னதிலிருந்தே அவரை ‘நோனா’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவர்களுடைய மொழியில் அம்மம்மா, அப்பம்மா எல்லாருக்கும் அதுதான் சொல். என் அம்மா ஊரிலிருந்து வந்து நின்றபோது இதைக் கேட்டுவிட்டு, ‘என்னடா இது, துரைவீட்டு நோனாவைக் கூப்பிடுகிற மாதிரி’ என்று விழுந்து விழுந்து சிரித்தார் (இலங்கையில் நோனா என்றால் சீமாட்டி). பிறகு இரண்டு பேரும் வேலிக்கு மேலால் தக்காளியும் கறிவேப்பிலையும் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாகிவிட்டார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு சொல் விளங்காது.

விஷயம் 2025 கோடையில் தொடங்கியது. இத்தாலி அந்த ஆண்டு குடியுரிமைச் சட்டத்தை மாற்றியது. பாட்டன் பூட்டன் வழியாகக் கேட்பதை இறுக்கிவிட்டார்கள், ஆனால் இத்தாலியிலேயே பிறந்து, பழைய சட்டத்தின்படி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததால் தங்களுடையதை இழந்தவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள்: 2025 ஜூலை 1 முதல் 2027 டிசம்பர் 31 வரை போய் ஒரு பிரகடனம் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். நோனா சிறுமியாக இருந்தபோதே தகப்பன் கனடியரானதால் இவருடையதும் போய்விட்டது. மகள் படிவங்களைப் பார்த்துக்கொண்டாள். என்னை அழைத்தது வேறு வேலைக்கு. சாப்பாட்டு மேசையில் ஒரு பிஸ்கட் ரின்னைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு (எங்கள் வீட்டில் அந்த மாதிரி ரின்னுக்குள் ஊசி நூல் இருக்கும், அங்கே உள்ளபடியே கடதாசிகள் இருந்தன) நோனா சொன்னார்: ‘எல்லாம் இருக்கிறது. என் கப்பல் மட்டும் இல்லை. நீ கொம்பியூட்டர்காரன்தானே, அன்ட்ரியா டோரியாவை எடுத்துத் தா.’

அன்ட்ரியா டோரியா கதையை நான் இருபது வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு நத்தாருக்கும் இரண்டாவது கிளாஸ் வைனோடு அது வந்துவிடும். கப்பலும் லேசுப்பட்டதல்ல. போரில் கப்பல்களில் பாதிக்கு மேல் இழந்த இத்தாலி தன் மானத்தை மீட்கக் கட்டியது, 29,000 தொன், மூன்று நீச்சல் தடாகம், 1953 ஜனவரியில் ஜெனோவாவிலிருந்து நியூயோர்க்குக்கு முதல் பயணம். 1956 ஜூலை 25 இரவு, நியூயோர்க்கை எட்ட ஒரு இரவு மிச்சம் இருக்கும்போது, நான்டக்கெட் தீவுக்குப் பக்கத்தில் மூடுபனிக்குள் ஸ்ரொக்ஹோம் என்ற சுவீடன் கப்பல் பக்கவாட்டில் வந்து குத்தியது. இரண்டிலும் ராடார் இருந்தது, அதுதான் கொடுமை. இரண்டு கப்பலிலும் சேர்த்து 51 பேர் இறந்தார்கள். ஆனால் அது பதினொரு மணித்தியாலம் மிதந்துகொண்டு நின்றதால் 1,600க்கு மேற்பட்டவர்களை வேறு கப்பல்கள் வந்து இறக்கிவிட்டன. பிரெஞ்சுக் கப்பலான இல் து பிரான்ஸ் ஒன்றே 753 பேரை ஏற்றியது. அடுத்த நாள் காலை பத்து மணி தாண்டி அது கவிழ்ந்து போனதை விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள்.

சரி என்று தொடங்கினேன். முதலில் எல்லாரும் போகிற இடத்துக்குத்தான் நானும் போனேன், நியூயோர்க்கில் இறங்கியவர்களின் எல்லிஸ் தீவுத் தரவுத்தளம். 1957 வரை இருக்கிறது, இலவசம், பெயரைப் போட்டுத் தேடலாம். ஆறு விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இரவு ஒரு மணிக்கு, சும்மா ஒரு யோசனையில், நோனாவின் முதல் நற்கருணைப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுதிரி, பின்னால் பென்சிலால் ‘ரொறொன்ரோ, மே 1957’. அவர் எப்போதும் சொல்வது, ‘வந்து இரண்டு மூன்று மாதத்தில் எனக்கு நற்கருணை தந்தார்கள், பாதருடைய இங்கிலீஷ் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை’ என்று. இறங்கியபோது கரையெல்லாம் பனி என்றும் சொல்வார். அப்படியென்றால் 1957 பனிக்காலம். அன்ட்ரியா டோரியா அப்போது கடலுக்கு அடியில் கிடந்து அரை வருடத்துக்கு மேலாகிவிட்டது.

இதை எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. பேப்பர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கனடாவில் இறங்கியவர்களின் பதிவுக்கு ஒரு கோடு இருக்கிறது: 1935. அதற்கு முந்திய பயணிகள் பட்டியல்கள் ஒட்டாவாவில் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்குப் பிந்தியவை இன்னும் குடிவரவுத் திணைக்களத்தின் கையில். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். கேட்பவர் கனடியராகவோ கனடாவில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். ஆள் உயிரோடு இருந்தால் அவருடைய கையெழுத்திட்ட சம்மதம், இல்லையென்றால் இறந்து இருபது வருடமாகிவிட்டது என்பதற்குச் சான்று. மரணச் சான்றிதழ்தான் வேண்டும் என்றில்லை, பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலோ கல்லறையின் படமோ போதும். இதைப் படித்தபோது நான் நம்பவில்லை, இரண்டு தரம் படித்தேன்.

நோனாவுடையதோடு அவருடைய தாயாரின் பதிவையும் கேட்போம் என்று முடிவெடுத்தோம், ஏனென்றால் இருவரும் ஒன்றாக வந்தவர்கள். தகப்பன் நாலு வருடம் முந்தி வந்து ரொறொன்ரோவில் கொங்கிறீட் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை ஊட்பிரிட்ஜில் இருக்கும் சேமக்காலைக்குப் போனோம். நோனா ஒரு வாளியும் பிரஷும் கொண்டுவந்திருந்தார். கல்லில் முட்டை வடிவப் பீங்கானில் தாயாரின் படம் பதித்திருந்தது, கறுப்பு உடுப்பு, சிரிப்பில்லை. ‘அரசாங்கம் பார்க்கப் போகிறது, அழுக்காக இருக்கக் கூடாது’ என்று சொல்லி அவர் முழங்காலில் நின்று அந்த எழுத்துகளுக்குள் பிரஷை விட்டுத் தேய்த்தார். அரை மணித்தியாலம். பிறகுதான் படம் எடுக்க விட்டார்.

இரண்டு படிவத்தையும் நிரப்பி அனுப்பினேன். சில வாரத்தில் பதில் வந்தது: இரண்டு பேருக்கும் பதிவு எதுவும் அகப்படவில்லை.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். படிவத்தில் கேட்டிருந்தது, நாட்டுக்குள் வந்தபோது இருந்த முழுப்பெயர். நான் நோனாவுக்கு அவருடைய இப்போதைய பெயரை, அதாவது கணவருடைய குடும்பப் பெயரை எழுதியிருந்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து கணவர் வந்தார்? அதைவிடத் தாயாருடையதில் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். கல்லறையில் இருந்த பெயரை அப்படியே எழுதியிருந்தேன். கல்லறை கனடா வழக்கப்படி, கணவர் பெயர். இத்தாலியிலோ பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் கடதாசிகளில் தகப்பன் வீட்டுப் பெயரில்தான் இருப்பார்கள். கடவுச்சீட்டும் அப்படித்தான், கப்பல் பட்டியலும் அப்படித்தான். இத்தாலியப் பெண்களைத் தேடுபவர்கள் பாதிப் பேர் இந்தக் கல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. சாகும்வரை ஒரு பெயர், கல்லில் ஒரு பெயர்.

இதில் நான் விழுந்ததுதான் வெட்கம். 1991இல் பியர்சன் விமான நிலையத்தில் என் பெயரும் அப்பாவின் பெயரும் தலைகீழாகி, இன்றுவரை வங்கியில் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் மனைவியின் குடும்பப் பெயர் அவருடைய அப்பா, என் பிள்ளைகளின் குடும்பப் பெயர் நான். பெயர் படிவத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும், ஆனாலும் போனேன்.

அப்புறம் அந்தக் கிராமத்தின் நகரசபைக்கு மகள் ஒரு மின்னஞ்சல் போட்டு, தாயாரின் கலியாணப் பதிவின் பிரதி எடுத்தாள். கல்லறைப் பெயரும் பதிவுப் பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று காட்ட அது வேண்டியிருந்தது. பிறந்த திகதி, வந்திருக்கக்கூடிய ஆண்டு, இறங்கிய துறைமுகம், கூட வந்தவர் பெயர் எல்லாம் சேர்த்து மறுபடி ஐந்து ஐந்து டொலர் கட்டி அனுப்பினேன். இறங்கிய துறைமுகம் எப்படித் தெரியும் என்றால், ரயில். இறங்கின உடனே இரண்டு நாள் ரயிலில் போனோம், முழுக்க மரமும் பனியும்தான், அம்மா ‘இந்த நாட்டில் ஆட்களே இல்லையா’ என்று அழுதார் என்று நோனா சொல்வார். நியூயோர்க்கில் இறங்கியிருந்தால் அந்த ரயில் இல்லை. அது கனடாவின் கிழக்குக் கரைத் துறைமுகமான ஹலிஃபாக்ஸ்.

அங்கே பியர் 21 என்ற இறங்குதுறை 1928 முதல் 1971 வரை இயங்கியது, பத்து லட்சத்துக்குக் கிட்டிய ஆட்கள் அதன் வழியாக உள்ளே வந்தார்கள். கப்பல் ஒரு பக்கம், ரயில் மறுபக்கம், நடுவில் வாங்கு போட்ட பெரிய மண்டபம். இப்போது அது குடிவரவு அருங்காட்சியகம். குடும்ப வரலாற்றுக்கென்றே அங்கே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள், எழுதிக் கேட்டால் உதவுவார்கள்.

இரண்டாவது தரம் பதிவு வந்தது. நுண்படத்திலிருந்து எடுத்த பிரதி, ஓரமெல்லாம் கறுத்து, தட்டச்சு எழுத்து பாதி புகைந்து. கனடாவில் குடியேற அனுமதி கிடைத்த கடதாசியை எங்கள் ஆட்கள் ‘லேண்டட் பேப்பர்’ என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பத்திரப்படுத்துவோமே, அதனுடைய பாட்டன் மாதிரி இருந்தது. தாயாரின் பெயர், தகப்பன் வீட்டுப் பெயரில். தொழில்: வீட்டு மனைவி. போய்ச் சேருமிடம்: கணவர், ரொறொன்ரோ. கப்பல்: சற்றூர்னியா.

நோனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சொல்லை விரலால் தடவினார். பிறகு சொன்னார், ‘எழுதினவனுக்கு நித்திரை.’

நான் அருங்காட்சியகத்துக்காரர் அனுப்பிய கப்பலின் படத்தைக் காட்டினேன். ‘பார், ஒரு புகைபோக்கி. அன்ட்ரியா டோரியாவுக்கும் ஒன்றுதான்’ என்றார். உண்மைதான். அந்தக் கொம்பனிக் கப்பல்களுக்கு ஒரே நிறம் வேறு, வெள்ளைப் புகைபோக்கி, உச்சியில் சிவப்பு, கீழே மெல்லிய பச்சைக் கோடு. ஏழு வயதுப் பிள்ளை நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நிமிர்ந்து பார்த்தால் அதுதான் தெரிந்திருக்கும். முந்திய கோடையில் அந்த ஊர் முழுக்க ஒரே ஒரு கப்பலின் பெயரைத்தான் கதைத்திருப்பார்கள்.

பிறகு சற்றூர்னியாவின் கதையைச் சொன்னேன், எனக்கே அது அன்ட்ரியா டோரியாவைவிடப் பிடித்துப்போனது. ட்ரியெஸ்டேக்குப் பக்கத்தில் மொன்ஃபல்கோனேயில் கட்டியது, 1927இல் ஓடத் தொடங்கியது, டீசலில் ஓடியது. வுல்கானியா என்று ஒரு சகோதரி. 1942, 43இல் இரண்டையும் வெள்ளையடித்து, பிரிட்டிஷாரிடம் விழுந்த கிழக்கு ஆபிரிக்காவில் நின்ற இத்தாலியப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்ற அனுப்பினார்கள், சுயெஸ் வழி இல்லாததால் ஆபிரிக்காவையே சுற்றிப் போக வேண்டியிருந்தது. இத்தாலி சரணடைந்த பிறகு அமெரிக்கர் கைக்குப் போய் முதலில் படையினரை ஏற்றியது, 1945இல் ஆஸ்பத்திரிக் கப்பலாகியது. அப்போது வைத்த பெயர் ஃபிரான்செஸ் வை. ஸ்லாங்கர், பெல்ஜியத்தில் ஷெல் அடியில் இறந்த ஒரு அமெரிக்கத் தாதியின் பெயர். திரும்பக் கிடைத்ததும் மறுபடி அட்லாண்டிக், இந்தத் தடவை சட்டி பெட்டியோடு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்டவர்கள். 1965இல் நிறுத்தி, லா ஸ்பெசியாவில் உடைத்தார்கள். ஒரு தரமும் மூழ்கவில்லை, அதனால்தான் யாருக்கும் பெயர் தெரியாது.

‘ஆஸ்பத்திரிக் கப்பல்’ என்றதும் நோனா சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது, இருபது வருடத்தில் நான் கேட்டிராதது. கீழ்த்தட்டு அறை, வேறு இரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தி ஜிப்ரால்டர் தாண்டியதிலிருந்து வாந்தி. இறங்கும்போது சுங்கக்காரர் சாப்பாட்டுச் சாமானைப் பறிக்கிறார்கள் என்று மேல்தளத்தில் கதை பரவி, தாயார் சொப்ரெசாத்தா என்கிற அவர்களுடைய காய்ந்த இறைச்சியில் ஒரு துண்டை மகளின் கோட்டுக்குள் கட்டிவிட்டது. அந்த மண்டபத்தில் வாங்கில் இருந்தபோது உடம்புச் சூட்டுக்கு அது மணக்கத் தொடங்கியது. அதிகாரி கிட்ட வந்து மூக்கைச் சுருக்கி, பிள்ளையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்திவிட்டுப் போனது. ரயிலில் யாரோ தந்த வெட்டிய வெள்ளைப் பாண், பஞ்சு மாதிரி, தாயார் அதை வருத்தக்காரருக்குக் கொடுப்பது என்று நினைத்து வைத்துவிட்டு, அந்த இறைச்சியைத்தான் வெட்டிக் கொடுத்தார்.

‘நீ எந்தக் கப்பல்?’ என்று என்னைக் கேட்டார். நான் விமானம். ஆனால் 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு வெளியே இரண்டு உயிர்காப்புப் படகில் தத்தளித்து, மீன்பிடிகாரர் தூக்கிவிட்ட எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர் 155 பேரைப் பற்றிச் சொன்னேன். மேற்கு ஜெர்மனியிலிருந்து அட்லாண்டிக் தாண்டி ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போனது. நோனாவுக்கு அது தெரியாது. ‘படகிலா? கப்பல் எங்கே போனது?’ என்று மூன்று தரம் கேட்டார்.

இந்த நத்தாருக்குப் போனோம். சற்றூர்னியா படம் சட்டம் போட்டுச் சுவரில், பக்கத்தில் அந்தக் கறுத்த பிரதி. இரண்டாவது கிளாஸ் வைன் வந்தது. மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார், தான் வந்தது போருக்குப் போன கப்பல், அமெரிக்க ஆமி ஆஸ்பத்திரி, ஆபிரிக்காவைச் சுற்றிய கப்பல், அன்ட்ரியா டோரியா மாதிரிப் பலவீனமான கப்பல் இல்லை என்று. பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, மேசைக் கடைசியில் இருந்த தன் மச்சாளைக் காட்டினார். அவர் 1958இல் வந்தவராம், கப்பலைத் தேட வேண்டுமாம்.

‘எந்தக் கப்பல்?’ என்று கேட்டேன்.

‘அன்ட்ரியா டோரியா’ என்றார் மச்சாள்.