பொத்தானில் இரண்டாவது தட்டு எங்கே போகிறது?

தரமணியில் வேலை பார்த்தபோது ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் பதிவுத் திரை செய்துகொடுத்தோம். 'பதிவு செய்யலாமா?' என்று ஒரு பெட்டி கேட்கும். 'சரி' அழுத்தினால் அது 400 மில்லிசெகண்டில் மெல்ல மங்கி மறையும். அந்த அனிமேஷனை எழுதியது நான்தான்.

முதல் வாரமே புகார் வந்தது. சிலருக்கு இரண்டு டோக்கன் பதிவாகியிருந்தது. காரணம் சுலபம்: ஒபாசிட்டி, அதாவது எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்ற அளவு, பூஜ்யமானாலும் பொத்தான் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. தட்டினால் வாங்கிக்கொள்ளும். மங்கத் தொடங்கியதும் பெட்டி முழுவதற்கும் பாயின்டர் ஈவென்ட்ஸை, அதாவது விரல், மவுஸ் தட்டல்களை ஏற்கும் அமைப்பை, அணைத்தேன். சரியாகிவிட்டது என்றுதான் நம்பினேன்.

அடுத்து வந்த புகார் இன்னும் மோசம். பதிவான டோக்கன் தானாகவே ரத்தாகிறது என்றார்கள்.

நேரில் போய் வரவேற்பு மேசை அருகே நின்று பார்த்தேன். ஒரு பெரியவர் 'சரி'யை இரண்டு முறை தட்டினார். "ஒரு தடவை அமுக்கினா கேக்குதான்னு தெரியலையே தம்பி" என்றார். அவர் சொன்னது நியாயம். தட்டியது பதிவானதா என்று அவருக்குச் சொல்ல வேண்டிய அந்த நொடியில் திரை மங்கிக்கொண்டு மட்டும் இருந்தது. பாயின்டர் ஈவென்ட்ஸை அணைத்த பெட்டி தட்டைத் தடுப்பதில்லை, அடியில் இருப்பதற்கு விட்டுவிடுகிறது. அடியில், சரியாக அதே இடத்தில், 'ரத்து செய்' பொத்தான். காலையில் வந்து காத்திருந்தவர்களின் முறை இப்படித்தான் போயிருக்கிறது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது மனசே சரியில்லை.

அப்புறம் முழுசாக மாற்றினோம். பெட்டியின் பின்னால் இருக்கும் காவல் திரை, அனிமேஷன் முடியும்வரை நகராமல் நின்று தட்டுகளை வாங்கிக்கொள்ளும், ஒன்றும் செய்யாது. பெட்டிக்குள் இருக்கும் பொத்தான்களுக்கு இனெர்ட் போட்டோம், அவற்றைச் செயலற்றதாக்கும் குறி அது. பாயின்டர் ஈவென்ட்ஸ் விரலையும் மவுஸையும் மட்டுமே தடுக்கும். டேப் விசையில் வந்து என்டர் அழுத்துபவரைத் தடுக்காது. இனெர்ட் இரண்டையும் தடுக்கும். முதல் தட்டிலேயே 'பதிவாகிறது' என்ற எழுத்தும் வந்தது. சர்வர் பக்கம், ஒரே கோரிக்கை எண் இரண்டாம் முறை வந்தால் புது டோக்கன் போடாது. ரத்துக்கும் ஒரு கேள்வி சேர்த்தோம்.

அலங்காரத்துக்காகச் சுழலும் பச்சை டிக்குக்கு மட்டும் பாயின்டர் ஈவென்ட்ஸ் அணைந்தே இருக்கிறது. அதற்கு அதுதான் பொருத்தம்.

டெஸ்டிங் பார்த்த அக்கா கடைசியாக ஒன்றைப் பிடித்தார். போனில் அசைவைக் குறைக்கும்படி வைத்திருந்தால் எங்கள் திரையில் மங்கலே நடக்காது. மங்கல் இல்லையென்றால் மங்கல் முடிந்தது என்று நிரலுக்குச் சொல்லும் ட்ரான்சிஷன்எண்ட் நிகழ்வும் வராது, காவல் திரை விலகாமல் அப்படியே நின்றுவிடும். அந்த நிகழ்வை மட்டும் நம்பாமல் ஒரு டைமரும் வைத்த பிறகுதான் அக்கா அந்தப் பிழைக்கான டிக்கெட்டை மூடினார்.