வெள்ளைத் தோட்டமா, மணல் தோட்டமா?

போன மாதம் என் தங்கையின் மகன் தங்கள் குழுச் செயற்றிட்டத்தை வாசித்துப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தான். தரம் 12. தலைப்பு ‘எங்கள் வெள்ளவத்தை’. பன்னிரண்டு பக்கம், பளபளவென்று வர்ண அட்டை, அதில் கடலும் ரயில் பாதையும். எல்லாம் சரி. முதல் பக்கத்திலேயே, கொழும்பிலுள்ள வெள்ளவத்தை என்றால் ‘வெள்ளைத் தோட்டம்’ என்று எழுதியிருந்தது.

“இதை ஆர் சொன்னது?”

“போனில கேட்டனாங்கள், பெரியம்மா. வடிவா விளக்கம் தந்தது.”

“சிங்களத்தில வெள்ளைக்கு என்ன சொல்லுறது?”

“சுது...” என்றவன் அப்படியே முழித்தான். இரண்டாம் மொழி என்று இத்தனை வருடம் சிங்களம் படித்த பிள்ளை!

விடையை நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் போனுக்குப் பதிலாகப் பெரியம்மா என்று ஆகிவிடும், அவ்வளவுதான். “கூகிளில இல்லாதது அங்க என்னண்டு இருக்கப்போகுது” என்று முணுமுணுத்தவனை அடுத்த சனிக்கிழமை விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள கொழும்புப் பொது நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். நூலகம் 1925இல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1980இல் திறந்தது. நான் உயர்தரம் படிக்கிற நாளில் அது புத்தம்புதுக் கட்டடம். படிப்பைவிட அங்கே கதைத்ததுதான் கூட என்பதை இவனிடம் சொல்லவில்லை.

உசாத்துணைப் பகுதியில் சிங்கள–தமிழ் அகராதியை எடுத்துக் கையில் கொடுத்தேன். வெல்ல, மணல். வத்த, தோட்டம். இரண்டு நிமிட வேலை. “கடற்கரை ஊருக்கு வேற என்ன பேர் வைக்கிறது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே வேலை செய்கிற ஒரு பெண், எதைத் தேடுகிறான் என்று கேட்டுவிட்டு, 954.93 என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். நூலகங்களில் புத்தகங்களைப் பிரித்து அடுக்குகிற தூவி தசம வகுப்பில் இலங்கை வரலாற்றுக்கான எண் அது. அந்த எண்ணுள்ள தட்டுக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் சம்மணம் கொட்டி இருந்தான். கொழும்பைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் அடிக்குறிப்பு ஒன்று அவன் கண்ணில் பட்டது: 1901ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு அறிக்கை, பொன்னம்பலம் அருணாசலம்.

“பெரியம்மா, இவர் இலங்கைத் தேசிய காங்கிரசின்ர முதல் தலைவரல்லோ? 1919?”

அவரேதான். அதற்கு முன்னம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அந்தக் குடிசனமதிப்பை நடத்தியதும் அவர்தான். பரீட்சைக்காக ஒரு வரியாகப் பாடமாக்கிய மனிதர், இந்த நகரத்தில் ஆட்களை எண்ணிக் கணக்கெழுதியவர் என்று தெரிந்ததும் இவனுக்கு ஒரே புளுகம்.

அந்த அறிக்கையைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகத்தின் நூலகம் இருக்கிறது. அருங்காட்சியகம் 1877இல் திறந்தது. 1885இல் வந்த அச்சகச் சட்டத்தோடு, நாட்டில் அச்சாகிறவற்றில் ஒரு பிரதி அங்கே போய்ச் சேரத் தொடங்கியது. தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அதற்குள் அடக்கம்.

தமிழில் படிக்கிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன். கொழும்பைப் பற்றித் தமிழில் இணையத்தில் கிடைப்பது கொஞ்சம். அதிலும் பாதி ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியது. எங்கள் ஆட்கள் நூறு வருடத்துக்கு மேலாக எழுதித் தள்ளியதில் பெரும்பகுதி இன்னும் அலுமாரிகளில்தான் இருக்கிறது. பழைய தமிழ் எழுத்துகளை இணையத்தில் ஏற்றுகிற, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளம் பெரிய தொண்டு செய்கிறது, நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் அதில் ஏறுகிற பழைய பக்கம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கடதாசியைப் பாதுகாத்து வைத்ததால் ஏறியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த ஆள் நான். இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகத்தான் இருப்பேன்.

இந்த இரண்டு நூலகங்களும் உள்ள கொழும்பு 7 வரை போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு: வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நூலகமும் உண்டு. இவன் ரியூசனுக்குப் போகிற வழிதான். உள்ளே ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லையாம்!

ஆசிரியர்மாரிடமும் ஒரு குறை. உசாத்துணைப் பக்கத்தில் வெறும் இணைய முகவரிகளை அடுக்கினாலும் புள்ளி போட்டுவிடுகிறார்கள். ஒரு புத்தகமாவது இருக்க வேண்டும் என்று கேட்டால் என்ன?

செயற்றிட்டத்தில் இப்போது மணல் தோட்டம் என்று திருத்தியாயிற்று. குழுவில் ஒருவன், போன் இன்னும் வெள்ளை என்றுதான் சொல்லுகிறது என்று சண்டை பிடித்தானாம். இவன் அகராதியின் பக்க இலக்கத்தை எழுதி அனுப்பியிருக்கிறான். அருங்காட்சியக நூலகத்துக்கு அதிபரிடம் கடிதம் வாங்க வேண்டுமா என்று திங்கட்கிழமை போன் எடுத்துக் கேட்கப் போகிறோம்.