பெயரை எழுதுமுன் கூந்தலையும் கண்ணையும் பாருங்கள்: ரோமானிய அரசியர் சிலைகளைப் படிப்போருக்கு

கலை வரலாற்று முதுகலைத் தேர்வில், ஒரு ரோமானியப் பெண்ணின் முழு உருவப் பளிங்குச் சிலையின் படத்தைக் கொடுத்து, அதன் காலத்தைக் காரணங்களுடன் நிறுவுமாறு கேட்டிருந்தார்கள். தோளைச் சுற்றிப் போர்த்திய மேலாடையின் மடிப்புகளைக் கண்டதுமே, முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா என்று முடிவுகட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அது ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிந்திய இளைய ஃபாஸ்டினா; பேரரசர் மார்கஸ் அவ்ரேலியஸின் மனைவி.

உடலிலிருந்து தொடங்கியதே என் பிழை. இத்தாலியின் பழைய ரோமானிய நகரான ஹெர்குலேனியத்தில் கிடைத்து இன்று ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும் ஆடை போர்த்திய பெண் சிலைகளின் அமைப்பு, அரசிக்கும் ஊர்ப் பெருமாட்டிக்கும் ஒன்றுபோலவே திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டது. பல சிலைகளில் தலையைத் தனிக்கல்லில் செய்து கழுத்துக் குழியில் பொருத்தினார்கள். எனவே ஆடை ஆளைச் சொல்லாது.

முதலில் கூந்தலைப் பாருங்கள். லிவியாவின் தொடக்ககால உருவங்களில் நெற்றிமுடி முன்னே வாரப்பட்டு, மேலே சுருளாக மடிக்கப்பட்டிருக்கும். இளைய ஃபாஸ்டினாவின் தாயான மூத்த ஃபாஸ்டினாவுக்குப் பின்னல்கள் உச்சியில் சுற்றியிருக்கும். அவர் மகளுக்கோ நடுவகிடு, அலையலையான முடி, பின்தலையில் கொண்டை. பிந்தைய பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் மனைவி ஜூலியா டோம்னாவின் கனத்த கூந்தல் செவிகளை மூடிக் கவசம்போல் இறங்கும். பெயர் பொறித்த நாணயங்களில் இதே அலங்காரங்கள் இருப்பதால், சிலைப் படங்களுக்கு முன் நாணயப் படங்களில் பயிற்சி பெறுவதே நல்லது என்பேன்.

அடுத்தது கண். ஏறத்தாழ கி.பி. 130 வரை பளிங்குக் கண்ணை வழவழப்பாக விட்டு வண்ணம் தீட்டினார்கள். பேரரசர் ஹேட்ரியன் காலத்திலிருந்து கருவிழியைக் கோடாகக் கீறி, அதன் நடுவிலுள்ள கண்பாவையைக் குடையும் வழக்கம் பரவியது. தேர்வுக்குப் பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கியபோது, கனத்த மேலிமையை ஒட்டி அவரைவிதை வடிவில் குடையப்பட்ட பாவையும் அதற்குள் விழுந்திருந்த நிழலும் தெளிவாகத் தெரிந்தன. அந்த ஒரு குழியே லிவியாவை விலக்கப் போதுமானது. (மூக்கை நம்பாதீர்கள், உடைந்த மூக்குகளைப் பிற்காலத்தார் ஒட்டவைத்த சிலைகள் ஏராளம்.)

விடையில் காலத்தை முதலிலும் பெயரைக் கடைசியிலும் எழுதுங்கள். அரசியின் கூந்தல் அலங்காரத்தைச் செல்வக் குடும்பப் பெண்களும் பின்பற்றினார்கள் என்பதால், நாணயத்தோடு முகம் பொருந்தாவிட்டால், "அன்டோனைன் காலப் பெண் உருவம்" (அதாவது இரு ஃபாஸ்டினாக்களின் காலம்) என்று நிறுத்திக்கொள்வதே சரியான விடை.