ஓடைத் தண்ணீரை அளக்க ஓர் ஆரஞ்சுப் பழம் போதும்

மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் தகராறு முற்றுவதற்குள், ஓடையில் எவ்வளவு வருகிறது என்று அளந்துவிடுங்கள். வளைவோ செடியோ இல்லாத 10 மீட்டர் நீளம் வேண்டும். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு 0.6 சதுர மீட்டர். ஆழத்தைக் குறுக்கே ஐந்து இடத்திலாவது பாருங்கள். நடுவில் மட்டும் கோல் ஊன்றினால் கணக்கு ஊதிவிடும்.

அடுத்து வேகம் பார்க்க எதையாவது மிதக்கவிட வேண்டும். சருகைக் காற்று தள்ளும். தோல் உரிக்காத ஆரஞ்சு பெரும்பாலும் மூழ்கியபடி நீரோடு போகும். தொடக்கக் கோட்டுக்குச் சற்று மேலே போட்டு, 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தை மூன்று முறை பாருங்கள். சராசரி 25 நொடி என்றால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். பரப்போடு பெருக்கினால் நொடிக்கு 0.24 கனமீட்டர். அடிநீர் தரையில் உரசி மெதுவாகப் போவதால் 0.85ஆல் பெருக்க வேண்டும்: நொடிக்கு 204 லிட்டர். கல் நிறைந்த, ஆழமில்லாத ஓடையில் 0.85 அதிகம், இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.