என் காணி, என் கிணறு

கனடாவில் பொருளியல் படிக்கும் என் பெறாமகன், அக்காவின் மகன், தன்னை லிபர்டேரியன் என்கிறான்: அரசு மிகச் சிறிதாக இருக்கவேண்டும், முடிந்தால் இல்லாமலே இருக்கவேண்டும் என்னும் கூட்டம். அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். நான் லொக், ஹியூம், ஸ்மித், மில் என்ற பழைய பிரித்தானியச் சிந்தனையாளர்கள் வழியாக வரும் செவ்வியல் தாராண்மைவாதத்தின் பக்கம். தனிமனித உரிமை, சொத்துரிமை, தடையில்லாத வியாபாரம், அரசுக்குக் கடிவாளம்: இவற்றில் எங்களுக்குள் சண்டை இல்லை.

போன ஆவணியில் அக்காவின் சீதனக் காணியை விற்கப் போனபோதும் நாங்கள் ஒரே கட்சிதான். உறுதி அக்காவின் பெயரில். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அத்தானின் கையெழுத்து ரொறன்ரோவிலிருந்து வந்து சேரும்வரை நொத்தாரிசு பேனையைத் திறக்கவில்லை. ஆயுள் முழுக்கப் படிப்பித்த அக்கா, கந்தோர் வாங்கில் இருந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். "சின்னம்மா, அம்மான்ர காணிக்குள்ள சட்டம் ஏன் வரவேணும்?" என்று தம்பி கொதித்தான். நியாயமான கொதிப்பு. மனைவியைக் கணவனுக்குக் கீழே வைக்கும் சட்டங்களை எதிர்த்து மில் 1869இலேயே எழுதிவிட்டார்.

நாங்கள் பிரிவது கிணற்றடியில்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில், உரும்பிராய்ப் பக்கம். மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டுக்கு இதுதான் சீவன். துலா மிதித்து இறைத்த காலத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை மனித உடம்பே தீர்மானித்தது. வாட்டர் பம்ப் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். வெங்காயத்துக்குக் கொட்டும் உரத்தின் நைத்திரேற்று அயல் கிணறுகளுக்கும் போய்ச் சேரும்.

பக்கத்துத் தோட்டக்காரர் பங்குனி வெயிலில் விடியப்புறம் மெசினைப் போட்டால் மத்தியானம்வரை இறைப்பார். வாய்க்கால் நிறைந்து ஒழுங்கைக்கு வழியும். கேட்டால் "என்ர காணி, என்ர கிணறு" என்பார். தம்பிக்கு அது சரியாகப் படுகிறது. "பாதிப்பு எண்டால் வழக்குப் போடுங்கோ சின்னம்மா. எல்லாருக்கும் முன்கூட்டியே விலங்கு போடக்கூடாது."

அவன் யோசிக்காமல் சொல்லவில்லை. அடுத்தவர் சொத்துக்குள் மாசைத் தள்ளுவது அத்துமீறல், அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அமெரிக்க லிபர்டேரியப் பொருளியலாளர் ரொத்பார்ட்டின் நிலைப்பாடு. ஆனால் நான் யாருக்கு எதிராக வழக்குப் போடுவது? கல்லுக்கடியில் தண்ணீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. என் கிணறு உவரானதற்கு எந்த மெசின் காரணம் என்று எந்த நீதவானுக்கு நிரூபிப்பேன்? இரண்டு அயலவர் பேசி ஒரு புல்வெளியின் நீரை வடித்துவிடலாம், ஆயிரம் பேர் அப்படி உடன்படுவது நடக்காது, அரசு இருப்பது இதற்கும்தான் என்று ஹியூம் 1740இல் எழுதினார். அவர் எங்கள் ஊருக்கே எழுதியதாக எனக்குப் படுகிறது.

லிபர்டேரியன்கள் கொண்டாடும் லொக்கும், மற்றவர்களுக்குப் போதிய அளவும் அதே தரமும் மிச்சம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இயற்கையிலிருந்து எடுத்துச் சொந்தமாக்க விட்டார். அமெரிக்க லிபர்டேரியத் தத்துவவாதி நோசிக் 1974இல் அந்த நிபந்தனையைத் தளர்த்தினார், ஆனால் கைவிடவில்லை. பாலைவனத்தில் மற்ற நீர்நிலைகள் எல்லாம் வற்றி, மிஞ்சிய ஒன்றின் சொந்தக்காரர் நினைத்த விலை கேட்க முடியாது என்று அவரே சொல்கிறார். ரொத்பார்ட் நிபந்தனையையே நிராகரித்தார். தம்பி ரொத்பார்ட் பக்கம் சாய்வதுதான் என் கவலை.

ஏனென்றால் ரொத்பார்ட்டுக்கு அரசே வேண்டாம். பாதுகாப்பையும் நீதியையும் போட்டி நிறுவனங்கள் விற்கட்டும் என்பார். அவற்றில் ஒன்று மேலோங்கி, எவருடைய உரிமையையும் மீறாமலே அரசாக மாறலாம் என்பது நோசிக்கின் வாதம். ஒன்று மேலோங்கும் என்ற முதற்பாதியை யாழ்ப்பாணம் கண்டது. எண்பதுகளின் நடுவில் அரசின் படைகள் முகாம்களுக்குள் முடங்கியபோது இங்கே பல ஆயுத இயக்கங்கள் இருந்தன. 1986இல் ஒன்று, விடுதலைப் புலிகள், மற்றவற்றை ஆயுதத்தால் அடக்கி மேலோங்கியது. அந்தச் சித்திரையில் சந்திகளைக் கடந்து போனவர்கள் "உரிமையை மீறாமல்" என்ற பகுதியை நம்பமாட்டார்கள். பிறகு குடாநாட்டை விட்டு வெளிக்கிட அவர்களிடம் பாஸ் எடுக்கவேண்டி வந்தது. மறுபக்கம் அரசின் குண்டுவீச்சும் பொருளாதாரத் தடையும். இரண்டையும் பட்ட சனத்துக்கு, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசைத் தவிர வேறு காப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது: தோட்டக் கிணறுகளுக்கு மீற்றர் வேண்டும். கோடை இறைப்புக்கு ஓர் அளவு வேண்டும். அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் தோட்டக்காரரும் இருக்கவேண்டும், தீர்மானம் பிழை என்றால் அவர் நீதிமன்றம் போக வழி இருக்கவேண்டும். மீற்றர் பார்க்க வருபவர் லஞ்சம் கேட்பார் என்கிறான் தம்பி. உண்மையான ஆபத்துத்தான். அதற்காகத்தான் ஒவ்வொரு மாத வாசிப்பையும் ஊர் வாசிகசாலைப் பலகையில் எல்லாரும் பார்க்க ஒட்டவேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கிறேன்.