மறுநாள் காலை எத்தனை பவுண்டு?

ஸ்ட்ரிங் கட்ட டென்னிஸ் ராக்கெட்டோடு என் கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு எண்ணோடுதான் வருகிறார்கள். ஸ்ட்ரிங்கை எத்தனை பவுண்டு இழுத்துக் கட்ட வேண்டும் என்ற எண், அதாவது டென்ஷன். "58 போடுங்கண்ணே." "55க்குக் குறையக் கூடாது சார்." எந்த ஸ்ட்ரிங் என்று கேட்டால், "பாலிதான், எது இருக்கோ போடுங்க" என்பார்கள். எண்ணில் இருக்கும் பிடிவாதம் பொருளில் இருப்பதில்லை. ஆனால் பாலியெஸ்டரைப் பொறுத்தவரை, மெஷினில் வைத்த எண் மெஷினை விட்டு இறங்கியதுமே மாறத் தொடங்கிவிடுகிறது. அந்த ராக்கெட்டில் மறுநாள் காலை எத்தனை பவுண்டு மிச்சம் என்பதை யாரும் கேட்பதில்லை. நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் டென்னிஸ் பெரிய ஆட்டம் இல்லை. இந்த மண்ணின் ஆட்டம் பூப்பந்து. 1856 வாக்கிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் அதை ஆடியதாகச் சொல்வார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் பூப்பந்து மட்டை கட்டிப் பழகியவர். குத்தூசியின் கைப்பிடியால் தட்டி, சத்தத்தை வைத்தே இழுப்பு சரியா என்று சொல்லிவிடுவார். இன்று கடைக்குச் சோறு போடுவது இறகுப்பந்து. டென்னிஸ் ராக்கெட் கொண்டுவருபவர்கள் கல்லூரி அணிப் பிள்ளைகள், காலையில் ஆடும் டாக்டர்கள், வங்கிக்காரர்கள், அப்புறம் அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் சிறுவர் சிறுமியர். ஆள் குறைவுதான். ஆனால் ஒவ்வொருவரோடும் நின்று பேச நேரம் கிடைக்கிறது, அதே ராக்கெட் மறுபடி என் கைக்கே வருகிறது. ஒரு ஸ்ட்ரிங் என்ன ஆனது என்று தொடர்ந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பாலியெஸ்டர் இன்று எல்லாருக்கும் வேண்டியதாகிவிட்டது. 1997-இல் உலகத் தரவரிசையில் 66-ஆம் இடத்தில் இருந்த பிரேசில்காரர் குஸ்தாவோ குவெர்த்தன் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். அவர் ராக்கெட்டில் இருந்தது பெல்ஜியத்தின் லக்ஸிலான் ஸ்ட்ரிங். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். அதுவரை பெரிய ஆட்டக்காரர்களின் முதல் தேர்வு மாட்டுக்குடல் நரம்பு. ஸ்வீடன் ஆட்டக்காரர் பியோன் போர்க் மர ராக்கெட்டில் 80 பவுண்டு வாக்கில் இழுக்கவைத்தார் என்ற கதை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இறுக்கம் என்றால் கட்டுப்பாடு என்ற நம்பிக்கை அந்தக் காலத்துப் பொருளோடு வந்தது. பொருள் மாறிவிட்டது, நம்பிக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பாலியெஸ்டர் இழையை இழுத்துப் பிடித்தால் அது பிடித்த இடத்தில் நிற்காது. உள்ளே இருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அந்த இழுப்புக்கு இடம் கொடுத்து மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஆடவே வேண்டாம், உறையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்தாலும் டென்ஷன் இறங்கும். அந்த இறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை எவ்வளவு இறங்குகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு மறுபடி இறங்க நூறாவது நிமிடம் வரை ஆகும். அதற்கடுத்த அதே அளவுக்கு ஆயிரமாவது நிமிடம். ஆக, பெரிய சரிவு முதல் இரவிலேயே முடிந்துவிடுகிறது. குடல் நரம்பு பத்தில் ஒரு பங்கு அளவில் விட்டுக்கொடுத்து நின்றுவிடும். நைலான் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். பாலியெஸ்டரோ கொஞ்ச நாள் ஆட்டத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடும். சில ரகங்கள் அதற்கும் மேலே. 58 கேட்டு வாங்கிப்போனவர் உண்மையில் ஆடுவது 46-இல்.

திருவிடைமருதூர்ப் பக்கத்து நாகஸ்வரக் குடும்பத்துப் பையன் ஒருவன் கல்லூரிக்கு ஆடுகிறான். ராக்கெட்டை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அன்னிக்கு ரிஷபத்துல இருந்தது, இப்ப ஷட்ஜத்துக்கே வந்துடுச்சு" என்றான். 'ரி'யில் இருந்தது 'ச'வுக்கு இறங்கிவிட்டதாம். கணக்குப் போட்டால் அவன் காது துல்லியமாக இருப்பது தெரிகிறது. அதிர்வெண் டென்ஷனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. டென்ஷன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சுருதி பதினொரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். ரிஷபத்தில் ஒரு வகையான சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அதுதான்.

அவனுக்கு அடுத்த முறை 44 போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாள் ஆடிவிட்டு வந்தவன் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. சுருதி இந்த முறையும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருந்தது. ஆனால் ஆட்டம் மாறவில்லை என்றான். முன்பு இறுக்கமாகக் கட்டியபோது முதல் நாள் பலகை மாதிரி இருந்து, இரண்டாம் வாரத்தில் பந்து கோட்டைத் தாண்டிப் போக ஆரம்பிக்குமாம். இப்போது முதல் நாள் எப்படியோ அப்படியேதான் பந்து விழுகிறதாம். காது ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. இரண்டும் உண்மை.

பந்து மோதும்போது ஸ்ட்ரிங் தளம் குழிகிறது. எவ்வளவு குழியும் என்பதை டென்ஷன் மட்டும் முடிவு செய்வதில்லை. குழிவதற்கு இழை நீள வேண்டும். நீள மறுக்கும் இழையின் சொந்த விறைப்பும் அதில் சேர்கிறது. இறுக்கிக் கட்டிய ராக்கெட்டில் குழிவு ஆழமில்லை, அங்கே ஏறக்குறைய எல்லாமே டென்ஷனின் வேலை. டென்ஷன் போனால் எல்லாம் போயிற்று. தளர்வாகக் கட்டினால் குழிவு ஆழமாகிறது, இழை கூடுதலாக நீள வேண்டியிருக்கிறது, விறைப்பின் பங்கு ஏறுகிறது. அந்த விறைப்பு டென்ஷனைப் போல ஒரே இரவில் இறங்கிவிடுவதில்லை. பாலியெஸ்டர் இயல்பிலேயே நைலானைவிட விறைப்பானது. அதனால்தான் அதற்கு இந்தக் குணம். நைலானை இப்படித் தளர்த்திக் கட்டினால் பலர் கையில் பந்து கோட்டுக்குள் நிற்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் இழை ஒரு கணம் கூடுதலாக இழுபடுகிறது. ஏற்கெனவே உச்சத்தில் இழுத்து வைத்த பாலியெஸ்டர் அந்தக் கூடுதல் இழுப்பில் நிரந்தரமாக நீண்டுபோகும், பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்பாது. தளர்வான இழைக்கு அந்த அடியைத் தாங்க இடம் இருக்கிறது. பவுண்டாகப் பார்த்தாலும் 58 விடுவது பதினொன்றுக்கு மேல், 42 விடுவது எட்டு சொச்சம். பிரெஞ்சுக்காரர் மன்னரினோ மற்றவர்கள் கட்டுவதில் கிட்டத்தட்ட பாதி டென்ஷனில் உலகத் தரத்தில் ஆடுகிறார் என்பது இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்கு வியப்பாக இல்லை.

பந்து எப்படிக் கோட்டுக்குள் விழுகிறது என்று கேட்பார்கள். சுழல்தான் காரணம். பாலியெஸ்டர் வழவழப்பானது. பந்தை மேல்நோக்கித் தேய்த்து அடிக்கும்போது நெடுக்காக ஓடும் மெயின் ஸ்ட்ரிங் பக்கவாட்டில் நகர்ந்து, பந்து விலகுவதற்குள் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பல் பந்துக்குக் கூடுதல் சுழற்சியைக் கொடுக்கிறது. சுழலும் பந்து கீழே இறங்கும்.

மெஷினும் ஒரு காரணம்தான். சொன்ன எடையைத் தொட்டதும் பூட்டிக்கொள்ளும் கைப்பிடி மெஷினில், பூட்டிய நொடியிலிருந்தே இழை தளர ஆரம்பிக்கும். எடைக்கம்பி தொங்கும் மெஷினும் மின்சார மெஷினும் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே 50 இரண்டு கடையில் இரண்டு விதமாக வருவதற்கு இது போதும். நான் பாலியெஸ்டரை மெதுவாக இழுத்து, சில விநாடி பொறுத்துத்தான் இழையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போடுகிறேன். முதல் சரிவில் ஒரு பகுதி மெஷினிலேயே தீர்ந்துவிட்டால் நல்லது.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரையில் பூட்டிய காரின் டிக்கியில் ராக்கெட்டைப் போட்டுவிட்டு மாயவரத்துக்குப் போய் வருகிறார்கள். சூட்டில் அந்த மூலக்கூறுகள் இன்னும் வேகமாக நகரும், பல நாள் இறக்கம் ஒரே மதியத்தில் நடந்துவிடும். ஐப்பசி மழை வேறு கதை. நைலான் ஈரத்தை உறிஞ்சும், குடல் நரம்பு ஊறிக் கெடும், பாலியெஸ்டர் கிட்டத்தட்ட ஒன்றும் உறிஞ்சாது. டெல்டாவின் ஈரத்துக்கு அது பொருத்தமான பொருள்.

ஐம்பதைத் தாண்டிய வங்கி அதிகாரி ஒருவர் முழங்கை வலியோடு வந்தார். வேறொரு ஊரில் பாலியெஸ்டரை 57-இல் கட்டிக் கொடுத்திருந்தார்கள். 43-க்கு இறக்கினோம். வலி முழுக்கப் போனது என்று நான் சொல்லமாட்டேன், அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். காலை ஆட்டத்தை அவர் நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் எந்த டென்ஷனிலும் பாலியெஸ்டர் போட எனக்கு மனம் வருவதில்லை. டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் போடுகிறார்களே என்று அப்பாக்கள் கேட்பார்கள். அந்த வேகத்தில் அடித்து ஸ்ட்ரிங்கை அறுக்கும் வயது வரட்டும் என்று சொல்லி, பல நுண்ணிழை சேர்ந்த மென்மையான நைலானைக் கட்டித் தருகிறேன். பிள்ளையின் கையைவிட ஸ்ட்ரிங் பெரிதல்ல.

எல்லாருக்கும் தளர்வுதான் சரி என்பதும் இல்லை. சுழல் இல்லாமல் தட்டையாக அடிப்பவர்களுக்கு 42-இல் பந்து பறக்கும். அவர்களை 50 பக்கமே நிறுத்துவேன். மற்றவர்களையும் பெரும்பாலும் ஒரேயடியாக இறக்குவதில்லை. ஒவ்வொரு முறையும் 2 பவுண்டு, கட்டிய தேதியும் எண்ணும் ராக்கெட் கழுத்தில் ஒட்டிய சிறு தாளில். பந்து நீளமாகப் போக ஆரம்பித்தால் அடுத்த முறை இரண்டு ஏற்றிக்கொள்ளலாம்.

ஆட்டம் மாறவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. மெயினை விரலால் தள்ளிப் பாருங்கள். தானாகத் திரும்பி வராமல் தள்ளிய இடத்திலேயே நின்றால், குறுக்கு இழை அதில் பள்ளம் அறுத்துவிட்டது என்று பொருள். இனி அதில் சுழல் வராது. அறும்வரை காத்திருக்காமல் வெட்டிவிடுங்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மெயினையும் குறுக்கு இழையான கிராஸையும் சேர்த்து வெட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் மறுபக்க இழுப்பில் ராக்கெட்டின் சட்டம் கோணிவிடும்.